யுடிஎல் வழிகாட்டு நெறிகள் 3.0: உயர்நிலை வகுப்புகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

உள்ளடக்கிய கல்வியின் தேவையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் நாளைக் காலை மூன்றாவது பாடவேளையில் ஒன்பதாம் வகுப்புக்குத் தொலைவு–கால வரைபடம் நடத்தப்போகும் ஆசிரியர், தம் பாடக்குறிப்பில் எந்த வரியை எதற்காக மாற்ற வேண்டும் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. 1994-இல் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி ஏற்ற சலமான்கா அறிக்கை, எல்லாக் குழந்தைகளும் பொதுப்பள்ளிகளில் ஒன்றாகப் படிக்க வழிசெய்ய வேண்டும் என்றது. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு அதை உரிமையாகவே எழுதிவைத்தது. உரிமை உறுதியான பிறகு பாடம் எப்படி அமைய வேண்டும் என்ற வேலை ஆசிரியரின் மேசைக்கு வந்துசேர்கிறது. அந்த வேலைக்கு உதவுவதற்கென்றே உருவான கருவி ஒன்றைக் காஸ்ட் என்னும் லாப நோக்கற்ற அமெரிக்க நிறுவனம் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு, சுருக்கமாக யுடிஎல், என்ற அந்த வழிகாட்டு நெறிகளின் 3.0 பதிப்பு 2024 ஜூலையில் வெளிவந்தது. அறிவியல் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பாடத் தயாரிப்பில் அதைப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதைப் பயன்படுத்துவது எளிதாகும். கட்டடம் கட்டி முடித்த பிறகு ஒரு மூலையில் சாய்தளம் ஒட்டவைப்பதைவிட, வரைபடம் போடும்போதே எல்லோரும் நுழையக்கூடிய வாசலை அமைப்பது மேல் என்று வாதாடியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரான் மேஸ். இளமையில் போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். 1984-இல் தொடங்கப்பட்ட காஸ்ட் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஆன் மேயர், டேவிட் ரோஸ் ஆகிய இருவரும் மேஸின் எண்ணத்தைக் கல்விக்குள் கொண்டுவந்தவர்கள். கணினியின் துணையால் தனித்தனி மாணவர்களுக்கு உதவுவதுதான் அவர்களுடைய தொடக்ககால வேலை. குழந்தையைப் பாடத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, பாடத்தில் உள்ள தடைகளைத் திருத்த வேண்டும் என்ற முடிவுக்குப் பின்னர் வந்தார்கள். நெறிகளின் முதல் பதிப்பு 2008-இல் வந்தது. நீண்ட காலம் புழக்கத்தில் இருந்த 2.2 பதிப்பு 2018-இல் வந்தது.

வடிவத்தில் இது ஒரு பெரிய அட்டவணை. ஈடுபாடு, பாடப்பொருளை எடுத்துக்காட்டல், செயலும் வெளிப்பாடும் என்று மூன்று நெடுவரிசைகள்; அவற்றின்கீழ் ஒன்பது நெறிகள்; அந்த ஒன்பதுக்குள் 36 கவனக் குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பையும் சொடுக்கினால் விளக்கமும் சில எடுத்துக்காட்டுகளும் விரிகின்றன. முதன்முறை பார்ப்பவர் ஓர் இடத்தில் கட்டாயம் தடுமாறுவார். இடப்பக்க முதல் நெடுவரிசை 7 என்ற எண்ணில் தொடங்குகிறது. 1, 2, 3 நடுவில் இருக்கின்றன. பழைய பதிப்பில் எடுத்துக்காட்டல் முதலில் இருந்தது. பின்னர் ஈடுபாட்டை முன்னுக்குக் கொண்டுவந்தபோது எண்களை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். எளிமையையும் அணுகல்தன்மையையும் பேசும் ஒரு கருவியின் முகப்பிலேயே இப்படி ஒரு குழப்பம் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

3.0 பதிப்பில் சொற்களும் மாறியுள்ளன, அவற்றுக்குப் பின்னால் உள்ள எண்ணமும் மாறியுள்ளது. பழைய பதிப்பு ஆசிரியரை வாய்ப்புகளை "வழங்கு" என்றது. புதியது "வடிவமை" என்கிறது. சரிபார்க்கும் புள்ளிகள் என்ற பழைய பெயர் போய்க் கவனக் குறிப்புகள் என்ற பெயர் வந்திருக்கிறது. ஆய்வு அதிகாரி கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்கும் பட்டியலாக இதை மாற்றிவிடும் ஆபத்தை இந்தப் பெயர் மாற்றம் ஓரளவாவது தடுக்கும் என்பதால் இதை வரவேற்கிறேன். தேர்ந்த கற்பவரை உருவாக்குவது என்றிருந்த இறுதி இலக்கும், தம் கற்றலைத் தாமே முன்னெடுக்கும் மாணவர் என்பதாக மாறியுள்ளது. பதின்ம வயது மாணவர்களிடம் பணிபுரிவோருக்கு இந்த மாற்றம் நன்றாகப் பொருந்தும். அந்த வயதில் கற்பித்தலின் பாதிச் சிக்கல், பாடத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று மாணவரை நம்பவைப்பதில்தான் இருக்கிறது.

முப்பத்தாறு குறிப்புகளையும் மறந்துவிட்டாலும் ஒரே ஒரு பழக்கத்தை இந்தக் கருவியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதுவே இதன் உண்மையான பயன். நோக்கத்தையும் அதை அடையும் வழியையும் தனித்தனியாகப் பிரித்து எழுதும் பழக்கம் அது. வழக்கமாக நம் பாடக்குறிப்பில் "மாணவர்கள் தொலைவு–கால வரைபடத்தை வரைந்து, அதன் பண்புகளை ஒரு பத்தியில் எழுதுவர்" என்று இருக்கும். இந்த வரிக்குள் மூன்று திறன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. அளவுகோலையும் பென்சிலையும் பிடித்துத் துல்லியமாக வரையும் கைத்திறன் ஒன்று. கோட்டின் சரிவு வேகத்தைக் குறிக்கிறது என்று புரிந்துகொள்வது இன்னொன்று. அதைக் கோர்வையான பத்தியாக எழுதுவது மூன்றாவது. இந்தப் பாடத்தின் நோக்கம் இரண்டாவது மட்டுமே என்றால், எழுத்தில் தடுமாறும் மாணவர், கைநடுக்கம் உள்ள மாணவர், பாடமொழியைப் புதிதாகக் கற்கும் மாணவர் ஆகிய மூவரும் இயற்பியலுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களால் இயற்பியலில் தோற்கிறார்கள்.

"ஒரு தொலைவு–கால வரைபடத்தின் எந்தப் பகுதியில் பொருள் வேகமாகச் சென்றது, எந்தப் பகுதியில் நின்றது என்பதைக் காரணத்துடன் விளக்குதல்" என்று நோக்கத்தை மாற்றி எழுதிப் பாருங்கள். மாணவர் வாயால் விளக்கலாம். வரைபடத்தின்மேல் குறியிட்டுக் காட்டலாம். வகுப்பறையின் குறுக்கே அந்தக் கோட்டின்படி நடந்துகாட்டி, எங்கே நின்றேன், ஏன் நின்றேன் என்று சொல்லலாம். பலர் செய்யும் தவறான புரிதல் ஒன்று உண்டு: மேலேறும் கோட்டைக் கண்டதும் பொருள் மலையேறுகிறது என்று எண்ணிக்கொள்வார்கள். பத்தி எழுதச் சொல்லும்போது அந்தத் தவறு மனப்பாட வரிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். நடந்துகாட்டச் சொல்லும்போது முதல் சில அடிகளிலேயே வெளிப்பட்டுவிடும். எழுதத் திணறும் மாணவருக்காக யோசித்த மாற்றம், நன்றாக எழுதத் தெரிந்த மாணவரின் பிழையையும் காட்டிக்கொடுக்கிறது. எல்லோரையும் உள்ளடக்குவதற்காகச் செய்யும் மாற்றம் கற்பித்தலின் தரத்தையும் உயர்த்தும் என்று நான் நம்புவது இத்தகைய இடங்களைக் கண்டதனால்தான்.

நடு நெடுவரிசை, அதாவது எடுத்துக்காட்டல் பற்றிய பகுதி, உடனே பலன் தருவது. ஒரே வரைபடத்தில் மூன்று பொருள்களின் இயக்கத்தைச் சிவப்பு, பச்சை, பழுப்புக் கோடுகளால் காட்டும் படங்கள் பாடநூல்களில் சாதாரணம். சிவப்பு–பச்சை நிறவேறுபாடு தெரியாத மாணவருக்கு அவை மூன்றும் ஏறத்தாழ ஒரே கோடு. ஒன்றைத் தொடர்கோடாகவும், மற்றொன்றைப் புள்ளிக்கோடாகவும், மூன்றாவதை விட்டுவிட்டு வரையும் கோடாகவும் போட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் பெயரை எழுதிவிட்டால் தடை அகன்றது. நிறக்குறைபாடு இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதால், யாருக்கு என்று கேட்காமல் எல்லாப் படங்களிலும் இதைச் செய்துவிடுவதே சரி. திரையில் காட்டும் எழுத்துகளுக்கும் இணைய அணுகல்தன்மை நெறிகளில் தெளிவான அளவுகோல் இருக்கிறது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து இந்த அளவில் தேறாது. காணொளிகளில் வசன வரிகளை இயக்குவதும் இப்படித்தான். காதுகேளாத மாணவருக்கு அது இன்றியமையாதது, பாடத்தின் கலைச்சொல்லை முதன்முறை கேட்கும் எல்லா மாணவருக்கும் அது எழுத்துக்கூட்டலையும் சேர்த்துக் கற்றுத்தருகிறது.

வெளிப்பாடு பற்றிய மூன்றாவது நெடுவரிசையில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. ஆய்வக அறிக்கையை எழுதுவதற்குப் பதில் ஒலிப்பதிவாகவோ படத்தொகுப்பாகவோ தரலாம் என்று சொல்வது எளிது. ஆனால் உயர்நிலை வகுப்புகளில் சில பாடங்களின் நோக்கமே எழுத்துத்தான். வரலாற்றுச் சான்றுகளை எடைபோட்டு ஒரு வாதத்தைக் கட்டுரையாக எழுதுவது, அறிவியலில் முடிவையும் சான்றையும் இணைத்து ஒரு பத்தி அமைப்பது ஆகியவற்றை மாணவர் கற்றாக வேண்டும். மொழியில் பின்தங்கிய மாணவருக்கு எப்போதும் எழுத்தில்லா வழியையே திறந்துவிட்டால், அன்றைக்கு இரக்கமாகத் தோன்றும். ஆனால் மேல்வகுப்புக்குப் போகும்போது அவர் கையில் எழுத்து இருக்காது. நெறிகளை நுணுகிப் படித்தால் இதற்கான பதில் இருக்கிறது: நோக்கம் எழுத்தாக இருக்கும்போது எழுத்தை மாற்றக்கூடாது, அதற்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். தொடக்க வாக்கியங்கள், சொற்பட்டியல், முதலில் வாய்மொழியாகச் சொல்லிப்பார்த்துப் பின் எழுதுதல், தட்டச்சு செய்ய அனுமதி போன்றவற்றைத் தொடக்கத்தில் கொடுத்து, படிப்படியாக விலக்கிக்கொள்ள வேண்டும். அட்டவணையை மட்டும் பார்த்துச் செல்லும் அவசரமான வாசகருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடலாம் என்பது என் கவலை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தடையை எப்படி அகற்றுவது என்று சொல்லும் இந்தக் கருவி, குறிப்பிட்ட ஒரு பாடப்பொருளை எந்த வரிசையில், எத்தனை சிறு படிகளாக, எந்த எடுத்துக்காட்டுடன் கற்பிப்பது என்று சொல்வதில்லை. மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடியது கொஞ்சமே என்பதை அடிப்படையாகக் கொண்டு, கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களிலிருந்து வளர்த்தெடுத்த அறிதிறன் சுமைக் கோட்பாடு காட்டுவது என்னவென்றால், ஒரு துறைக்குப் புதியவர்கள், தாமாகவே விடை தேடுவதைவிட, முழுமையாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பதன்மூலம் நன்றாகக் கற்கிறார்கள். இருபடிச் சமன்பாட்டை முதன்முறை சந்திக்கும் மாணவர் முன் நான்கு வழிகளை விரித்துவைத்து, பிடித்ததைத் தேர்ந்தெடு என்றால், கணக்கின் சுமையோடு தேர்வின் சுமையும் சேர்கிறது. பின்தங்கிய மாணவருக்கே அந்தச் சுமை அதிகம். தெளிவான விளக்கம், தீர்த்துக் காட்டிய கணக்கு, பாதி தீர்த்த கணக்கு, பிறகு தனியே முயற்சி என்ற வரிசையை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் தடைகளை அகற்றுவதற்கு மட்டும் இந்த நெறிகளைத் துணைகொள்வதே பாதுகாப்பானது. வாய்ப்புகள் எவ்வளவு என்பதைவிட, எந்த வாய்ப்பு எந்தத் தடையை அகற்றுகிறது என்று ஆசிரியரால் சொல்ல முடிகிறதா என்பதே முக்கியம்.

இதோடு தொடர்புடைய ஒரு தவறான புரிதலையும் குறிப்பிட வேண்டும். பல வழிகளில் எடுத்துக்காட்டல் என்பதைக் கேட்டவுடன், இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர், இன்னொருவர் செய்து கற்பவர் என்று மாணவரைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வழி கொடுப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கற்றல் பாணிக் கொள்கைக்கு ஏற்றபடி கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் ஹரால்டு பாஷ்லரும் சக ஆய்வாளர்களும் 2008-இலேயே எடுத்துக்காட்டினார்கள். யுடிஎல் சொல்வது வேறு: படமும் சொல்லும் செயலும் ஒரே வகுப்புக்கு ஒன்றாகக் கிடைக்க வேண்டும்; யாரும் எந்த முத்திரைக்குள்ளும் அடைபடக் கூடாது. பயிற்சி நடத்துபவர்கள் இந்த வேறுபாட்டை முதல் மணிநேரத்திலேயே அழுத்திச் சொல்வது நல்லது.

சான்றுகளைப் பொறுத்தவரை நிலைமை கலவையானது. யுடிஎல் அடிப்படையிலான கற்பித்தலை ஆராய்ந்த தொகுப்பாய்வுகளில், அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகளில், நேர்மறையான விளைவுகள் காணப்படுகின்றன. ஆனால் ஒரு பள்ளியில் வசன வரிகள் சேர்த்ததையும், இன்னொரு பள்ளியில் மதிப்பீட்டு முறையையே மாற்றியதையும் ஒரே பெயரில் அழைக்கும்போது, எது பலன் தந்தது என்று பிரித்தறிவது கடினம். மூன்று நெடுவரிசைகளையும் மூளையின் மூன்று வலைப்பின்னல்களோடு இணைத்துக் காஸ்ட் விளக்குவது ஈர்ப்பாக இருந்தாலும், கற்றல் நிகழும்போது மூளை அவ்வளவு நேர்த்தியாகப் பிரிந்து இயங்குவதில்லை. அந்த விளக்கத்தை ஆதாரமாகக் கொள்ளாமல், நினைவில் நிறுத்த உதவும் வகைப்பாடாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஈடுபாடு பற்றிய பகுதியில்தான் 3.0 பதிப்பு மிகவும் வளர்ந்திருக்கிறது. மாணவரின் அடையாளம், வகுப்பில் தானும் ஒருவர் என்ற உணர்வு, ஆசிரியரிடமும் பாடப்பொருளிலும் ஒளிந்திருக்கும் முன்முடிவுகள் ஆகியவை வெளிப்படையாக இடம்பெற்றுள்ளன. கலைத்திட்டம் வகுப்போர் இந்தப் பகுதியைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும். பாடநூலின் கணக்குகளில் யார் கடை நடத்துகிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறார்கள், மாற்றுத்திறனாளி ஒருவர் எங்காவது உதவி பெறுபவராக இல்லாமல் உதவி செய்பவராக வருகிறாரா என்று ஓர் அலகை மட்டும் புரட்டிப் பார்த்தாலே பேசுவதற்கு நிறையக் கிடைக்கும். வகுப்பறைக்குள் இதன் எளிய வடிவம் காத்திருத்தல். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில், கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார் என்றும், அதை மூன்று வினாடியாவது ஆக்கினால் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கண்டறிந்தார். எந்தக் கருவியும் பணமும் இல்லாமல் எல்லோரையும் உள்ளடக்க நாளையே செய்யக்கூடிய செயல் இது. நெறிகளின் நீண்ட சொற்றொடர்களுக்குள் இத்தகைய சின்னஞ்சிறு செயல்கள் இன்னும் அதிகமாக இருந்திருக்கலாம்.

இந்தக் கருவியிடம் எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதையும் நிர்வாகத்தினர் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோருக்குமாக வடிவமைத்துவிட்டோம் என்று சொல்லித் தனிப்பட்ட உதவியை நிறுத்துவது அநீதி. சைகைமொழிபெயர்ப்பாளர், பிரெய்ல் நூல், திரைவாசிப்பான், சிறப்பாசிரியரின் நேரம் ஆகியவை தேவைப்படும் மாணவருக்கு அவை கிடைத்தே ஆக வேண்டும். ஐ.நா. உடன்படிக்கையே பொது வடிவமைப்பையும் தனிநபருக்கான நியாயமான ஏற்பாட்டையும் வேறுவேறாகத்தான் வரையறுக்கிறது. தேர்வுகளும் ஒரு சுவராக நிற்கின்றன. வகுப்பில் ஆண்டு முழுவதும் வாயால் விளக்கிய மாணவர், ஆண்டிறுதியில் நேரக்கட்டுப்பாட்டுடன் எழுதும் ஒரே தாளை வைத்து அளக்கப்பட்டால், பெற்றோரும் மாணவரும் அந்த வகுப்பு முறையையே ஐயப்படுவார்கள். அதில் அவர்கள்மேல் குற்றமில்லை. தேர்வு முறையை மாற்றும் அதிகாரம் ஆசிரியரிடம் இல்லை என்றாலும், இடைத்தேர்வுகளும் வகுப்பு மதிப்பீடுகளும் அவர் கையில்தான் இருக்கின்றன. வினாத்தாளின் மொழியை எளிமையாக்குவது, ஒரு வினாவுக்குள் நான்கு வினாக்களை அடைக்காமல் இருப்பது, அளக்க வேண்டிய திறனுக்குச் சம்பந்தமில்லாத வேகத்துக்கு மதிப்பெண் தராமல் இருப்பது ஆகியவற்றை அங்கிருந்தே தொடங்கலாம்.

தனியாக ஓர் ஆசிரியர் இந்த அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லாப் பாடங்களையும் மாற்ற முனைந்தால் விரைவில் களைத்துவிடுவார். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் சேர்ந்து, எப்போதும் அதிக மாணவர் சறுக்கும் ஓர் அலகை எடுத்துக்கொள்வது நல்லது. சறுக்கியவர்களின் விடைத்தாள்களை மேசைமேல் பரப்பிவைத்து, இவர்கள் பாடப்பொருளில் சறுக்கினார்களா, வினாவின் மொழியில் சறுக்கினார்களா, எழுதும் வேகத்தில் சறுக்கினார்களா என்று பிரித்த பின்னரே அட்டவணையைத் திறக்க வேண்டும். அப்போது 36 குறிப்புகளில் இரண்டோ மூன்றோ மட்டுமே தேவைப்படுவது தெரியும். மாணவர்களையும் கேட்கலாம், எந்த இடத்தில் பாடம் கைநழுவியது என்று பதினான்கு வயது மாணவர் சொல்லும் துல்லியத்தை வேறெந்த ஆய்வும் தராது. அடுத்த ஆண்டு அதே அலகை நடத்துபவருக்காக மாற்றங்களைக் குறித்தும் வைக்க வேண்டும். இல்லையெனில் ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது வேலையும் அவரோடு போய்விடும்.

இதற்கெல்லாம் பள்ளி தர வேண்டியது ஆசிரியர்கள் ஒன்றாக உட்காரும் நேரம். கால அட்டவணையில் பொதுவான ஒரு பாடவேளையைக்கூட ஒதுக்காமல், அட்டவணையை அச்சடித்து ஆசிரியர் அறையில் ஒட்டுவதால் எதுவும் நடக்காது. காஸ்ட் நிறுவனத்தின் அடுத்த பதிப்பிடம் நான் எதிர்பார்ப்பதும் ஒன்று உண்டு. எந்த வகுப்புக்கும் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட பொதுக் குறிப்புகளோடு, உயர்நிலை இயற்பியலில் ஓர் அலகு, கணிதத்தில் ஓர் அலகு, வரலாற்றில் ஓர் அலகு என்று எடுத்துக்கொண்டு, மாற்றுவதற்கு முன்பிருந்த பாடக்குறிப்பையும் மாற்றிய பாடக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாற்றமும் எந்தத் தடைக்காகச் செய்யப்பட்டது, எந்த வாய்ப்பை வேண்டாமென்று விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று ஓரத்தில் எழுதித் தர வேண்டும்.